மறைப்பொலியை எந்தப் பக்கம் மாட்டினீர்கள்? மாஸ்கிங் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருகோணமலையில் ஏகாம்பரம் வீதிப் பக்கம் ஒரு கணக்காளரின் கந்தோருக்குப் போயிருந்தேன். போனது வேறு வேலைக்கு, சிசிடிவி கமரா ஒன்று பழுது. அங்கே இரண்டு பொடியன்கள் ஏணி வைத்து, கணக்காளர் ஆட்களோடு இருந்து பேசுகிற கண்ணாடி அறைக்குள்ளே, அவருடைய கதிரைக்கு நேர் மேலே ஒரு ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன தம்பி?"

"மாஸ்கிங் அண்ணா. உள்ளுக்குப் பேசுறது வெளியில கேக்காது."

எனக்குக் கமரா மறந்துபோய்விட்டது. பத்து வருடத்துக்கு முன் நான் ஏறி நின்ற ஏணியும் அதுதான், செய்த பிழையும் அதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வயரை மாற்றிக் கொடுப்பது, அம்ப்ளிஃபயருக்குக் காற்றோட்டம் விடாமல் அலுமாரிக்குள் பூட்டிவைப்பது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. ஒரு தரம் கை சுட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மாஸ்கிங், அதாவது மறைப்பொலி, சத்தத்தை அழிக்கிற வித்தை இல்லை. ஏசியிலிருந்து வருகிற காற்றுச் சத்தம் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் ஒலியை இடம் முழுக்க ஒரே அளவில் பரப்புவது, அவ்வளவுதான். பின்னணி கொஞ்சம் உயரும்போது, பக்கத்து அறையிலிருந்து கசிந்து வருகிற பேச்சு அதற்குள் அமிழ்ந்துபோகும். திறந்த கந்தோர்களில் 45 முதல் 48 டெசிபல் வரை வைப்பது வழக்கம். அதற்கு மேலே போனால் ஆட்களுக்குத் தலையிடி.

பேசுகிற இடத்தில் மாட்டுவது

நீதிமன்றத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோர். பழைய கல்வீடு. முன் விறாந்தையை அடைத்து, கட்சிக்காரர்கள் காத்திருக்க இரண்டு நீள வாங்கு போட்டிருந்தார்கள். நடு ஹோலைப் பலகையால் மறித்து அவருடைய அறை. அவரிடம் வருவது பெரும்பாலும் காணி வழக்கு. காணி வழக்கு என்றால் தெரியும்தானே, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். ஒரே நாளில் ஒரே வாங்கில் வந்து இருப்பார்கள்.

"உள்ள கதைக்கிறது முழுக்க வெளியில போகுது, ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார். நான் அதுவரை கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சவுண்ட் போட்ட ஆள். மாஸ்கிங்கைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருந்தேன், நிறைய நம்பிக்கை இருந்தது. பேச்சு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அமுக்கிவிட வேண்டும் என்று நினைத்து, அவருடைய மேசைக்கு மேலே நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி 47இல் வைத்தேன். வெளியே வந்து வாங்கில் இருந்து கேட்டேன். பேச்சு கேட்டது. உள்ளே போய் 50 ஆக்கினேன். அப்போதும் கேட்டது. 55 ஆக்கினேன். உள்ளே இருந்தவர்கள் மேசைக்கு மேலே குனிந்து, ஒருவருக்கொருவர் கிட்டப் போய், குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குள் போன் வந்தது. ஒரு பெரியவர் உள்ளே இருந்து, "இருபத்தைஞ்சு லட்சம் தந்தா விட்டுக் குடுத்திடுவன்" என்று சொல்லியிருக்கிறார். எதிர்ப் பக்கத்து மச்சான் வாங்கில் இருந்திருக்கிறார். பின்னேரத்துக்குள் அந்தத் தொகை போக வேண்டாத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சட்டத்தரணி என்னை ஏசவில்லை. "தம்பி, நீர் அதைப் போட முதல் இவ்வளவு தெளிவாக் கேட்டதில்லை" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தேவலை.

அவர் சொன்னது சரி என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. சாதாரணப் பேச்சு ஒரு மீற்றர் தூரத்தில் 60 டெசிபல் அளவு. அந்தப் பலகையும் கதவும் ஒரு 25 குறைத்தால் வாங்குக்கு 35 வருகிறது. விறாந்தை அமைதியாக இருக்கும்போது அங்கே பின்னணி 32. ஆக, பேச்சு 3 டெசிபல் மேலே நிற்கிறது, அதனால்தான் கேட்டது. இப்போது நான் செய்த வேலையைப் பாருங்கள். உள்ளே 55இல் போட்ட மறைப்பொலியும் அதே பலகையைத் தாண்ட வேண்டும். 25 போனால் 30. ஏற்கெனவே இருக்கிற பின்னணியை விடக் குறைவு, அதோடு சேர்ந்து அதை 34 ஆக்குகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் குரலை ஒரு 5 டெசிபல் உயர்த்திவிட்டார்கள். பேச்சு 40 ஆக வாங்குக்கு வந்தது. 3 இருந்த இடத்தில் 6. காசு வாங்கிக்கொண்டு கசிவை இரட்டிப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சத்தத்துக்குள் நிற்கிற மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு நாட்டுக் காது வைத்தியர் எத்தியன் லொம்பார் இதை 1911இல் எழுதிவைத்தார், அவர் பெயராலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். எனக்கு அது புதிதாகவும் இருந்திருக்கக் கூடாது. பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் ஹோர்னுக்குக் கீழே நின்று இரண்டு பேர் காதுக்குள் கத்திக் கதைப்பதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்.

திருத்தியது இப்படி. உள்ளே இருந்ததைக் கழற்றினேன். விறாந்தைச் சீலிங்கில் நாலு சிறிய ஸ்பீக்கர்கள், எந்த வாங்கில் இருந்தாலும் அளவு ஒன்று போல இருக்கும்படி இடைவெளி விட்டு, 45இல் வைத்தேன். பேச்சு 35, மறைப்பொலி 45. பிறகு கதவு நிலைக்கு மேலே பழைய வீடுகளில் காற்றுக்கு விட்டிருக்கும் துளைகளை அடைத்தோம். பேச்சு இன்னும் 3 டெசிபல் இறங்கியது. மறைப்பொலிக்கு 13 டெசிபல் கீழே போன பேச்சில் விளங்கிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. உள்ளே ஆள் இருப்பது தெரியும், என்ன சொல்கிறார் என்பது தெரியாது. நாலு ஸ்பீக்கரும் வயரும் கூலியும் என் செலவு.

இதில் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் பிழை அறியாமையால் மட்டும் வருவதில்லை. காசு தருகிறவர் உள்ளே இருக்கிறார். பொருள் வெளியே இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தரணியே இரண்டாம் தரம் கேட்டார்: "என்ர அறையில ஒண்டும் இல்லையே தம்பி, பிறகு இதென்ன?" தன் தலைக்கு மேலே ஏதாவது சத்தம் போட்டால்தான் தனக்குப் பாதுகாப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வேலை பழகுகிற பொடியனுக்கு அதை மறுத்துச் சொல்ல வாய் வருவதில்லை. மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். மறுத்துச் சொல்லுங்கள். அவரைக் கையோடு கூட்டிப் போய் வாங்கில் இருத்தி, உள்ளே உங்கள் உதவியாளைப் பேச வையுங்கள். மறைப்பொலியை நிறுத்தி ஒரு தரம், போட்டு ஒரு தரம். அதுக்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

ஏகாம்பரம் வீதிப் பொடியன்களிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: கேட்கக் கூடாத ஆள் எங்கே இருக்கிறார்? அவருடைய கதிரையில் போய் இருந்துவிட்டு வந்து ஏணியை வையுங்கள் என்றேன். பெரியவன் முகத்தைச் சுளித்தான். சின்னவன் போய் இருந்து பார்த்தான்.

இரண்டு சங்கதி சேர்த்துச் சொல்ல வேண்டும். தடுப்பே இல்லாத திறந்த கந்தோரில் எல்லாரும் பேசுகிறவர்கள், எல்லாரும் கேட்கிறவர்கள். அங்கே முழுத் தளத்துக்கும் சமமாகப் பரப்பத்தான் வேண்டும், அளவைக் கட்டுக்குள் வைத்தால் குரல் பெரிதாக ஏறாது. அடுத்தடுத்து இரண்டு ஆலோசனை அறைகள் இருந்தால் ஒன்றுக்கு மற்றது வெளி. அப்போது இரண்டிலும் மெல்லிதாக, 40ஐ ஒட்டி வைக்கலாம்.

மழை நாளில் அளப்பது

உப்புவெளியில் ஒரு தொண்டு நிறுவனக் கந்தோர். ஒரு மார்கழி மாதம் போய் அளந்தேன். தகரக் கூரை, வெளியே சோனாவாரி மழை. மீற்றர் 52 காட்டியது. "உங்களுக்கு மாஸ்கிங்கே தேவையில்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். மாசியில் கூப்பிட்டார்கள். மழை இல்லாத நாளில் அதே இடம் 34. இவ்வளவு நாளும் மழைதான் சும்மா வேலை செய்திருக்கிறது.

ஃபேனும் அப்படித்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் சுற்றும். ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சரியாகக் கேட்காது. கரண்ட் போன அந்த நொடியில் ஃபேன் இழுத்து இழுத்து நிற்க, யாரோ பாதியில் விட்ட வசனம் ஹோல் முழுக்கக் கேட்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று வந்தபோது எத்தனை கந்தோர் இரகசியம் அப்படி வெளியே போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. மறைப்பொலிக்கு இழுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். ரௌட்டருக்குக் கொடுத்திருக்கிற யூபிஎஸ்ஸிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: யன்னலில் இருந்த பழைய ஏசியைக் கழற்றிப் புதிதாக ஸ்பிளிட் போடுகிற இடங்களில், "ஏசி மாத்தின பிறகுதான் எல்லாம் கேக்குது" என்பார்கள். உண்மைதான் சொல்கிறார்கள்.

ஆகவே அளவெடுப்பது ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, மழை இல்லாத நாளில்.

போனில் இருக்கிற வெள்ளை இரைச்சலைப் போடுவது

வெள்ளை இரைச்சலில் ஒவ்வொரு ஹேர்ட்ஸுக்கும் சக்தி சமம். அதனால் ஒரு எட்டுச்சுரம் (அலைவரிசை இரட்டிப்பாகிற ஒரு படி) மேலே ஏற ஏற 3 டெசிபல் கூடிக்கொண்டே போகும். காதுக்கு அது "ஸ்ஸ்" என்று, குக்கர் ஆவி விடுவது போல இருக்கும். அரை நாளில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மறைப்பொலிக்குரிய வளைவு எதிர்ப் பக்கம் போவது. எட்டுச்சுரத்துக்கு ஏறக்குறைய 5 டெசிபல் வீதம் மேலே போகப் போகக் குறையும்.

இதைச் சொன்னால் சிலர் மேல் அலைவரிசையை ஒரேயடியாக வெட்டிவிடுகிறார்கள். கேட்க இதமாக இருக்கும், வேலை செய்யாது. காணி, பாணி, ராணி மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. எதைப் பேசுகிறார்கள் என்று காட்டிக்கொடுப்பது முன்னால் நிற்கிற மெய். உயிரொலிகளின் பலம் கீழே இருக்கிறது, மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் மேலே. 500இலிருந்து 4000 ஹேர்ட்ஸ் வரை மூடாமல் விட்டால் நீங்கள் மூடியது ஒன்றுமில்லை.

கடலலைச் சத்தம் போடுவது

வேண்டாம். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே ஒரு பெயரும் ஒரு தொகையும் வெளியே வந்துவிடும். பாட்டும் வேண்டாம்.

சுவர் செய்ய வேண்டிய வேலையை ஸ்பீக்கரிடம் கொடுப்பது

சீலிங்கோடு நின்றுவிடுகிற தடுப்பு, தடுப்பே இல்லை. பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறைக்குள் இறங்கும். விலை சொல்ல முன் ஒரு சீலிங் தட்டைத் தூக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். கதவையும் பாருங்கள். 2 மீற்றர் உயரம், 80 சென்ரிமீற்றர் அகலக் கதவுக்குக் கீழே 2 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் அது கதவின் பரப்பில் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒரு வீதம் திறந்திருந்தாலே, தேக்கில் செய்த கதவானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அடியில் ஒரு றப்பர் பட்டி அடிப்பது ஸ்பீக்கரை விட மலிவு. எனக்கு அதில் லாபம் இல்லை, இருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றுவது

கீழே தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் மெதுவாக ஏற்றுங்கள்.

ஊழியர்களுக்குச் சொல்லாமல் போடுவது

ஒட்டுக்கேட்கிற கருவி என்று நினைப்பார்கள். நடந்திருக்கிறது.

தெரிந்த வசனத்தை வைத்துச் சோதிப்பது

உதவியாளிடம் என்ன பேச வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தால், அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் உங்களுக்குக் கேட்கும். மனம் இடைவெளியை நிரப்பிவிடும். அன்றைய பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். முன்பின் தெரியாத பெயர்கள், ஊர்கள், திகதிகள். வெளியே இருந்து கேட்டதைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர் கூப்பிடுகிறவரை மறப்பது

இதையும் அந்தச் சட்டத்தரணி கந்தோரில்தான் படித்தேன். விறாந்தையில் மறைப்பொலி சரியாக வேலை செய்யத் தொடங்கியதும், கதவடியில் நின்று மெல்லிய குரலில் பெயர் கூப்பிடுகிற எழுத்தரை வாங்கின் மற்றக் கரையில் இருக்கிற வயதானவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் சத்தமாகக் கூப்பிட்டார். அதுவும் சரிவராமல், எந்த வழக்கு, எந்த ஊர்க் காணி என்றெல்லாம் சேர்த்துக் கூவத் தொடங்கினார். வழக்கை அவரே ஊருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது அங்கே வருகிறவர்களுக்கு இலக்கம் எழுதிய மட்டை கொடுக்கிறார்கள். சுவரில் ஒரு இலக்கப் பலகை, பக்கத்தில் மேசை மணி ஒன்று.