சென்ட் வேறு, ஏர் வேறு: நிலம் அளக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பட்டாவில் "0 - 12.50" என்று இருந்தது. என் சித்தப்பா அதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்தார். முப்பது வருடம் மும்பையில் வேலை பார்த்தவர். ஊர் நிலத்தின் வரப்பில் நின்ற ஞாபகமே அவருக்கு மங்கிப்போயிருந்தது. வாங்க வந்தவர் வாயைத் திறக்கவில்லை. சென்ட் விலை பேசி, பன்னிரண்டரையால் பெருக்கி, முன்பணம் கைமாறும் நேரத்தில் பத்திர எழுத்தர்தான் தலையை நிமிர்த்தி, "ஐயா, இது சென்ட் இல்லை, ஏர்" என்றார். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். பன்னிரண்டரை ஏர் என்றால் ஏறக்குறைய 31 சென்ட். பாதிக்கு மேல் நிலம் சும்மா போக இருந்தது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று பலரோடு தாலுகா அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். நான் பார்த்தவரையில், கல் நடும்போது நடக்கும் தவறைவிடக் காகிதத்தைப் படிக்கும்போது நடக்கும் தவறே அதிகம். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அலகில் சறுக்குவது

தமிழ்நாட்டில் ஒரே நிலத்துக்குப் பத்திரத்தில் ஏக்கர்-சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர், தரகர் பேச்சில் கிரவுண்ட், தாத்தா பேச்சில் மா என்று நாலு கணக்கு ஓடுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். தஞ்சைப் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆனால் குழி ஊருக்கு ஊர் மாறும். பழைய பத்திரத்தில் குழி என்று கண்டால், அந்த வட்டாரத்தில் எத்தனை அடிக்கோலால் அளந்தார்கள் என்று விசாரித்துவிட்டே கணக்குப் போட வேண்டும்.

நீளத்திலும் இதே சிக்கல் உண்டு. புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும், எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் படம், இப்போது இணையத்தில் இறக்கினால் மீட்டரில் வரும். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பிரதியில் அளவு லிங்க்ஸில் இருக்கலாம். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி. படத்தில் 150 என்று எழுதியிருப்பதை அடி என்று நினைத்து டேப்பை நீட்டினால், உண்மையான 99 அடியைத் தாண்டி 51 அடி பக்கத்து வயலுக்குள் போய் நிற்பீர்கள். பத்திரத்தில் வரும் "ஜாதியடி" என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். நேர்கோட்டு நீளத்தைச் சொல்லும் அடிதான் அது.

எந்த அளவை என்று தெரியாமல் கேட்பது

"சர்வேயரைக் கூட்டி வந்து அளந்துவிடலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சர்வேயர், எதற்காக அளக்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை.

பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் உங்களுக்கு வேண்டியது அத்து காட்டுதல். வருவாய்த்துறையின் நில அளவர் வந்து, புலப்படத்தில் உள்ளபடி உங்கள் எல்லை தரையில் எங்கே ஓடுகிறது என்று காட்டுவார். அலுவலகத்தில் இதை எஃப் லைன் மனு என்பார்கள். ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், அல்லது அண்ணன் தம்பி பாகம் பிரித்திருந்தால், வேண்டியது உட்பிரிவு, அதாவது அந்தப் பகுதிக்குத் தனி எண்ணும் புலப்படத்தில் தனிக் கோடும் போடுவது. வீடு கட்டப் போகிறீர்கள், மனை சரிவாக இருக்கிறது என்றால் வேண்டியது மட்ட அளவை; டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்திருக்கும் தனியார் அளவர் அதைச் செய்து தருவார். பெரிய தோப்பு, பண்ணை நிலம் என்றால் டிஜிபிஎஸ் என்ற துல்லியமான செயற்கைக்கோள் அளவைக் கருவியும் டிரோனும்கூட உதவும்.

இவற்றில் ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைக் கேட்பதில்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன. தனியார் வரைந்த படம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தாலும், பதிவேட்டில் ஒரு கோட்டைக்கூட நகர்த்தாது. எதிர்த்தரப்பு "உங்கள் ஆள் அளந்தது" என்று ஒரே வரியில் தள்ளிவிடும். மறுபக்கம், அரசு அளவர் வந்து கல் காட்டிவிட்டார் என்பதால் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துவிடாது. மட்டம் பார்க்காமல் கடைக்கால் போட்டு, தெருச் சாக்கடையைவிடத் தாழ்வாக வீட்டைக் கட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொரு புதிய நகரிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

கூட்டுப்பட்டாவை அப்படியே விடுவது

இதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. ஒரு சர்வே எண்ணில் இரண்டு ஏக்கர். நான்கு பேர் ஆளுக்கு ஐம்பது சென்ட் வாங்கினார்கள். பத்திரம் தனித்தனி, பட்டா கூட்டு. உட்பிரிவு செய்யவில்லை. இருபது வருடம் நன்றாகத்தான் போகிறது. ஒருவர் மதில் எழுப்பத் தொடங்கும் அன்றைக்குச் சண்டை வருகிறது. அத்து காட்டச் சொல்லி மனு போடுகிறார்கள். நில அளவர் வந்து இரண்டு ஏக்கரின் வெளி எல்லையை மட்டும் காட்டுவார். உள்ளே யாருடைய ஐம்பது எங்கே என்று புலப்படத்தில் கோடு இல்லை. இல்லாத கோட்டை அவர் எப்படிக் காட்டுவார்? அவரைத் திட்டுவதில் பயன் இல்லை.

முழு சர்வே எண்ணையோ முழு உட்பிரிவையோ வாங்கினால் பட்டா மாறுதல் எளிது. பகுதியை வாங்கினால், பத்திரம் பதிவானவுடனே உட்பிரிவுக்கான வேலையைத் தொடங்கி, புதிய எண்ணுடன் பட்டாவும் புலப்படமும் வரும்வரை விடக்கூடாது. மற்ற பங்காளிகள் உயிரோடும் நல்லுறவோடும் இருக்கும்போதே செய்துகொள்வது புத்திசாலித்தனம். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் கையெழுத்து வாங்க மூன்று ஊருக்கும் ஒரு வெளிநாட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

பத்திரத்தின் நான்கெல்லையையும் இதே அக்கறையோடு பார்க்க வேண்டும். செக்குபந்தி என்று எழுதும் அந்தப் பகுதியில் "கிழக்கே கோவிந்தன் நிலம்" என்று இருக்கும். கோவிந்தன் இறந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். ஒவ்வொரு கிரயத்திலும் முந்தைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பதால் வருவது இது. பரப்புக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. எனவே ஆள் பெயரோடு சர்வே எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள், விற்றவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே.

கிராமம் நகராட்சிக்குள் போன இடங்களில் இன்னொரு கண்ணி உண்டு. அங்கே நகர நில அளவை நடந்திருந்தால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று புதிய கணக்கு வந்திருக்கும். பழைய சர்வே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வில்லங்கம் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பழைய எண் எந்தப் புதிய எண்ணானது என்ற ஒப்பீட்டை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பட்டாப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி நடந்தபோதும் பல இடங்களில் பெயர், பரப்பு, எண் பிசகியிருக்கின்றன. அந்தக் காலத்துக்கு முந்தைய பத்திரம் கையில் இருந்தால் இன்றைய பட்டாவோடு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளக்கும் நாளில்

1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை, அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல்தான். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலை அந்த ஒரு கோட்டின்மேல் நின்றது. தொடங்கும் இடம் தவறினால் எல்லாம் தவறும் என்று அவருக்குத் தெரியும். நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டு மதில் மூலையில் டேப்பை வைத்து "இங்கிருந்து நாற்பது அடி" என்று தொடங்குகிறோம். அந்த மதிலே இரண்டடி தள்ளிக் கட்டியதாக இருந்தால்? சாலை ஓரத்திலிருந்து அளப்பது இன்னும் மோசம். சாலை அகலமானதும் நம் கணக்கும் நகர்ந்துவிடும். பனைமரம், வேலி, வரப்பு எல்லாம் சாட்சியாக உதவலாம், அளவின் தொடக்கமாக ஆகா. அளவர் புலப்படத்தில் உள்ள பழைய கற்களைத் தேடி, ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்துவிட்டுத்தான் உங்கள் எல்லைக்கு வருவார். அதற்கு நேரம் பிடிக்கும். "என்ன சார், எங்கேயோ போய் அளக்கிறீர்கள், என் நிலம் இங்கே இருக்கிறது" என்று அவரை அவசரப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயிர் நிற்கும்போது தேதி கேட்காதீர்கள். அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் தரை தெரியும்போது அளப்பதே நல்லது. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு போயிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அளந்து முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, அவர் திரும்பி வந்து போடும் முதல் ஆட்சேபணையே "எனக்குத் தகவல் இல்லை" என்பதாக இருக்கும். அளந்தபின் கற்களைப் பக்கத்தில் ஏதாவது அடையாளம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையில் நடந்து, திரையில் தெரியும் கோட்டின்படி வேலிக் கம்பம் ஊன்றுவது புதிய வியாதி. நிலம் எந்தப் பக்கம், எந்தச் சர்வே எண் என்று அறிய அது நல்ல துணை. ஆனால் திறந்த வெளியிலேயே செல்பேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் பிசகலாம்; அதாவது பதினாறு அடி. நாற்பதடி மனையில் பதினாறு அடி என்றால் பாதி வீடு.

புலப்படத்தோடு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும் வகையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் பார்க்காமல் விடுவதும் பரவலான தவறு. வாய்க்காலோ வண்டிப்பாதையோ மண்மூடித் தரையில் காணாமல் போயிருக்கலாம், பதிவேட்டில் அது புறம்போக்காகவே இருக்கும். எத்தனை வருடம் அதில் தென்னை வைத்திருந்தாலும் சரி.

அளவையின் முடிவு பிடிக்கவில்லை என்றால் கல்லைப் பிடுங்காதீர்கள். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லைக்கல்லைப் பேணுவது நிலத்துக்காரரின் கடமை. மறு அளவை கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு என்பதால் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சித்தப்பா நிலத்தை விற்கவில்லை. அந்த வருடம் சித்திரையில் முறையாக மனு போட்டு அளக்கச் சொன்னார். நான்கு மூலையில் மூன்று கற்கள் கிடைத்தன. நான்காவது, பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. தலையில் வெட்டிய குறி சோப்பு நுரைக்கு அடியிலும் தெளிவாகத் தெரிந்தது. "என் மாமியார் காலத்திலிருந்தே இது இங்கேதான் கிடக்கிறது தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மாள். அளவர் மற்ற மூன்று கற்களிலிருந்து அளந்துகொண்டு வந்து, அவர்கள் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து, கன்றுக்குட்டியைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டச் சொன்னார்.