மறைமுக ஏலத்தில் பருத்தி விற்கப் போகிறீர்களா?

கும்பகோணம், பாபநாசம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பருத்திக்கு நடப்பது மறைமுக ஏலம்: வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள், அதிக விலை எழுதியவர் ஜெயிப்பார். சீட்டில் எழுதிய விலையைத்தான் ஜெயித்தவர் கொடுக்க வேண்டும், அதனால் எந்த வியாபாரியும் மனசில் உள்ள முழு விலையை எழுத மாட்டார், குறைத்துத்தான் எழுதுவார். எவ்வளவு குறைப்பார்? ஏலக் கோட்பாட்டின் எளிய பாடக் கணக்கில், 2 பேர் போட்டியிட்டால் தன் மதிப்பில் பாதியைத்தான் எழுதுவார், 5 பேர் என்றால் 5-இல் 4 பங்கை எழுதுவார். நிஜத்தில் இவ்வளவு இறங்காது, ஆனால் போக்கு அதுதான்: ஆள் கூடக் கூட எழுதும் விலையும் கூடும்.

அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது, எந்தக் கூடத்தில், எந்த நாளில் வெளியூர் வியாபாரிகள் அதிகம் வருகிறார்கள் என்பது. அப்புறம் நன்றாகக் காயவைத்து, கறை பட்ட பஞ்சைத் தனிக் குவியலாகப் போடுங்கள். சந்தேகம் வந்தால் மொத்தக் குவியலுக்கும் விலையைக் குறைப்பார்கள். இதற்குக் கீழே தருவதில்லை என்று ஒரு விலையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.