கார் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது? ஜம்பர் கேபிள் கொண்டு ஸ்டார்ட் செய்யும் முறை

ஒகேனக்கலில் காலையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு, எல்லோருடைய கைப்பேசியையும் அதிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, எண்ணெய்க் குளியலும் மீன் சாப்பாடும் முடிந்து மாலையில் கிளம்பும்போது செல்ஃப் எடுக்காமல் நின்றுவிடும் கார்கள் உண்டு. சென்னைக்கு ரயிலேறுவதற்காக மொரப்பூரில் நிறுத்திவைத்து, பல நாள் கழித்து வந்து எடுக்கும் காருக்கும், மார்கழிக் குளிரில் தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ வெட்டவெளியில் இரவு முழுவதும் நின்ற பழைய பேட்டரிக் காருக்கும் இதே நிலை வரலாம். இப்படி இறங்கிப்போன பேட்டரிக்கு இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் (இரு முனையிலும் கிளிப் உள்ள சிவப்பு, கறுப்புத் தடித்த கம்பிகள்) வழியாக மின்சாரம் கொடுத்து எஞ்சினை ஓடவைக்கும் முறையை, இதுவரை பானெட்டைத் திறந்தே பார்க்காதவரும் செய்யக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன். கிளிப்புகளை மாட்டும் வரிசை தவறினால் காரின் மின்னணுப் பாகங்கள் கருகலாம். அரிதாகப் பேட்டரியே வெடிக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பேட்டரிதான் காரணமா?

கேபிளைத் தேடுவதற்கு முன், சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். டக்டக்கென்று வேகமாகச் சத்தம் வந்து, டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, ஹாரனும் ஈனமாக ஒலித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று பொருள். எந்த விளக்குமே எரியவில்லை என்றால் பேட்டரி முழுவதுமாக இறங்கியிருக்க வேண்டும், அல்லது டெர்மினல் (பேட்டரியில் கம்பி இணையும் முனை) கழன்றிருக்க வேண்டும். விளக்குகள் பளிச்சென்று எரியும்போது ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) மீது திரும்ப வேண்டும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் குறை எரிபொருளிலோ பற்றவைப்பிலோ இருக்கிறது. ஜம்பர் கேபிள் அதற்கு உதவாது. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் பார்க்கிங் நிலையில் இருக்கிறதா, கிளட்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் காராக இருந்தால் கிளட்சை முழுவதும் மிதித்தோமா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து பானெட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களையும் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினாலே பல கார்கள் ஸ்டார்ட் ஆகிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அது மின்னோட்டத்தைத் தடுக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்தே பார்க்கலாம். எஞ்சின் ஓடாத நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். 12-க்கும் கீழே போய்விட்டால் செல்ஃப் எடுப்பது கடினம்.

பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, உறையில் விரிசல் இருந்தாலோ, அமிலம் கசிந்திருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அந்தப் பேட்டரிக்கு எந்தக் கேபிளையும் மாட்டாதீர்கள். அதை மாற்றுவது ஒன்றே வழி.

யாருடைய வண்டியிலிருந்து எடுப்பது?

நம் பகுதியில் இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் கார் நின்றுவிட்டால், மனமிரங்கி முதலில் நிறுத்துபவர் பெரும்பாலும் ஒரு லாரி ஓட்டுநராகவே இருப்பார். அவருடைய உதவியை வேறு எதற்கு வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் அவருடைய வண்டியின் பேட்டரியோடு உங்கள் காரை இணைக்க வேண்டாம். பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் இயக்குகிறார்கள். உங்கள் கார் 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. இருமடங்கு அழுத்தம் பாய்ந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி உட்படப் பல பாகங்கள் ஒரு நொடியில் பழுதாகிவிடும். அந்தச் செலவு புதிய பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தொடரிணைப்பில் எது எங்கே சேர்கிறது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், தொடங்குநர்கள் அதை முயலவே கூடாது என்பது என் திடமான கருத்து.

மற்றொரு காரோ, டாடா ஏஸ், பொலீரோ பிக்கப் போன்ற சிறு சரக்கு வண்டியோ பொருத்தமானது. அவை 12 வோல்ட் வண்டிகள். மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி சாலைகளில் பிக்கப்புக்குப் பஞ்சமே இருக்காது. டிராக்டர்களும் பெரும்பாலும் 12 வோல்ட்தான் என்றாலும், பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதையும் எத்தனை பேட்டரி இருக்கிறது என்பதையும் பார்த்த பிறகே நம்புங்கள். மின்சாரக் காரையும் ஹைப்ரிட் காரையும், அவற்றின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, மின்சாரம் கொடுக்கும் வண்டியாகப் பயன்படுத்தக் கூடாது.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரிங் கம்பியும், மேலே தடித்த பிளாஸ்டிக்கும் உள்ளே மெல்லிய அலுமினியமுமாக வரும் மலிவுக் கேபிளும் அதைத் தாங்காமல் சூடேறி உருகும். பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், டீசல் காருக்கு 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கேபிளை, இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளத்தில் வாங்கி டிக்கியில் போட்டுவைப்பது நல்லது.

இணைக்கும் முறை

இரண்டு கார்களையும் கேபிள் எட்டும் தூரத்தில், ஆனால் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். இரண்டிலும் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலிலோ பார்க்கிங்கிலோ வையுங்கள். ஏசி, விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாலையோரமாக இருந்தால் நான்கு இன்டிகேட்டர்களும் எரியட்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். கையிலுள்ள மோதிரம், வளையல், உலோகப் பட்டைக் கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அருகில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

பேட்டரியில் கூட்டல் குறி உள்ள டெர்மினல் பிளஸ். அதற்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி இருக்கும். கழித்தல் குறி உள்ளது மைனஸ். நிறத்தை மட்டும் நம்பாமல் குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில கார்களில் பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அப்படிப்பட்டவற்றில் பானெட்டுக்கு அடியில் இதற்கென்றே தனிப் பிளஸ் முனை கொடுத்திருப்பார்கள்.

முதலாவதாக, சிவப்புக் கேபிளின் ஒரு கிளிப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். இரண்டாவதாக, அதே சிவப்புக் கேபிளின் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். இந்த முனை காரின் உடல் உலோகத்தைத் தொட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, கறுப்புக் கேபிளின் ஒரு கிளிப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டுங்கள்.

நான்காவது கிளிப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். கறுப்புக் கேபிளின் மறுமுனையை இறங்கிய பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து எட்ட, எஞ்சினில் வண்ணம் பூசாத ஒரு கனத்த உலோகப் பகுதியிலோ, காரின் உடலோடு சேர்ந்த ஒரு போல்ட்டிலோ மாட்டுங்கள். மின்சுற்று முழுமையடையும் கடைசி இணைப்பில் ஒரு சிறு பொறி பறக்கும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காற்றில் அது வெறும் 4 சதவீதம் கலந்திருந்தாலே தீப்பிடிக்கப் போதுமானது. பொறி பேட்டரியின் மேலேயே பறந்தால் அமிலத்தோடு வெடித்து முகத்தில் தெறிக்கும் ஆபத்து இருக்கிறது. எட்ட மாட்டினால் அந்தப் பொறி வாயுவை எட்டாது. மைனஸ் டெர்மினல் காரின் உடலோடுதான் இணைந்திருக்கிறது என்பதால் மின்சாரம் போய்ச் சேர்வதில் எந்தக் குறையும் வராது.

இப்போது நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சிறிய பெட்ரோல் காரிலிருந்து பெரிய டீசல் காருக்குக் கொடுக்கும்போது இன்னும் சற்று நேரம் பொறுப்பது நல்லது. பிறகு நின்ற காரில் சாவியைத் திருப்புங்கள். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள். நான்கு முறைக்குப் பிறகும் அசையவில்லை என்றால் கிளிப்புகளின் பிடிமானத்தைச் சரிபாருங்கள். அதுவும் சரி என்றால் மெக்கானிக்கை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: எஞ்சின் உலோகத்தில் உள்ள கறுப்பு, நல்ல பேட்டரியின் கறுப்பு, அதன் சிவப்பு, கடைசியாக உங்கள் பேட்டரியின் சிவப்பு. கழற்றும்போது கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. கேபிளும் கைவிரலும் ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை) சோதிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பேட்டரி இல்லாத நிலையில் மின்னழுத்தம் திடீரென்று எகிறி மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும். உங்கள் காரில் அதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கையால் கியர் மாற்றும் காராக இருந்து, டாஷ்போர்டு விளக்குகளாவது எரிந்தால் செய்யலாம். சாவியை ஆன் நிலையில் வைத்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி சமதரையில் தள்ளச் சொல்லி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். ஆட்டோமேட்டிக்கிலும், கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாறும் ஏஎம்டியிலும் இது நடக்காது. எஞ்சின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும் என்பதால், தொப்பூர் கணவாய், ஒகேனக்கல் மலைப்பாதை போன்ற இறக்கங்களில் உருட்டி ஸ்டார்ட் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுச் சாலைகளில் இரவில் கார் நின்றால் கீழே இறங்கி வேலை பார்ப்பதே தவறு. அவை யானைகள் கடக்கும் பாதைகள். உள்ளேயே இருந்து 112-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது.

ஸ்டார்ட் ஆன பிறகு

உடனே எஞ்சினை அணைக்காமல் நேராகப் பேட்டரிக் கடைக்கு ஓட்டுங்கள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓட்டினாலும் அடியோடு இறங்கிய பேட்டரி முழுவதும் ஏறிவிடாது. 35 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 3.5 ஆம்பியரில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பேட்டரிக்கு உகந்ததும் அந்த வேகம்தான். கடையில் இரண்டு சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒன்று, பேட்டரியின் லோடு டெஸ்ட், அதாவது பாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. மற்றொன்று, எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்ற ஆல்டர்னேட்டர் சோதனை. அது குறைவாக இருந்தால் புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். மூன்று ஆண்டு தாண்டிய பேட்டரியை நம் கோடை வெயில் ஏற்கெனவே பாதி தின்றிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் மறுபடி இறங்கினால், அணைத்த காரில் ஏதோ ஒன்று மின்சாரம் குடிக்கிறது. கார் வாங்கிய பிறகு பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றை முதலில் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்ற சிறு கசிவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் எடுக்கும். ஒரு மாதத்தில் அது 35 ஆம்பியர் அவர் பேட்டரியை வெறுமையாக்கிவிடும். பத்து நாளுக்கு மேல் காரை நிறுத்திவைப்பதாக இருந்தால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். சாவி காருக்குள் சிக்கிக்கொள்ளாமல் கையில் இருக்கட்டும்.

மாற்றிய பழைய பேட்டரியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்; புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட்டால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அதிலுள்ள ஈயமும் கந்தக அமிலமும் மண்ணுக்கும் கிணற்று நீருக்கும் நஞ்சு என்பதால், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைத்திருக்கின்றன.