டிரஸ்டுக்கு சாஃப்ட்வேர் வாங்கும் முன் பட்டியலைப் போடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஊருணி தூர்வாரவோ பள்ளிக்கூடத்துக்கு நூலகம் வைக்கவோ ஒரு டிரஸ்ட் பதிவாகிவிட்டால், அடுத்த கேள்வி "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். நன்கொடையாளர் பட்டியலுக்கு, சில நூறு பேர் வரைக்கும் கூகுள் ஷீட் தாராளமாகப் போதும், ஆனால் அதை ஒழுங்காகப் போட வேண்டும். நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எழுதி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தானே காரியம் நடக்கிறது? அந்த ஒழுங்கு உங்கள் ஷீட்டிலும் இருக்கட்டும்.

ஷீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. பெயர் மட்டும் போட்டால் குழப்பம்தான். ஒரே ஊரில் எத்தனை மெய்யப்பன், எத்தனை லெட்சுமணன்! அதனால் வீட்டு விலாசமும் (பெயருக்கு முன் போடும் குடும்ப முன்னெழுத்துகள்) ஊரும் தனித்தனிக் கட்டத்தில் வேண்டும். அப்புறம் வாட்ஸ்அப் எண், முகவரி, பான், தொகை, தேதி, எதற்காகக் கொடுத்தார், ரசீது போனதா, கடைசியாக அவரிடம் பேசியது யார். பான் இருப்பதால் இந்த ஷீட்டின் லிங்க்கை கமிட்டி குரூப்பில் போட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இன்னொரு கட்டம் நம் பக்கத்துக்குக் கண்டிப்பாகத் தேவை: எந்த நாட்டு பாஸ்போர்ட். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், காரைக்குடி வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இல்லையா, அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்வத்தில் வாங்கிப் போட்டால் டிரஸ்டுக்கே ஆபத்து.

சரி, பணம் வாங்குவது. க்யூஆர் டிரஸ்டின் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்த ஜிபே வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்ததும் டிரஸ்ட் பெயர் தெரிந்தால்தான் முன்பின் அறியாதவரும் நம்பிப் போடுவார். யுபிஐயில் பான் வராது, ஆகவே க்யூஆருக்குக் கீழேயே ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் கொடுத்து மற்ற விவரங்களை வாங்குங்கள். அது நேராக ஷீட்டில் வந்து விழும். 80ஜி அனுமதி (கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்வது) உள்ள டிரஸ்ட் என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்கொடையாளர் விவரத்தை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு ஆன்லைனில் தர வேண்டும், 10பிடி என்று நாம் பழகிய படிவம் அது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்ணையும் கெடுவையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷீட் சுத்தமாக இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

செய்தி அனுப்ப வாட்ஸ்அப் பிசினஸ் போதும். குரூப் வேண்டாம், குட்மார்னிங் படங்களில் உங்கள் கணக்கு காணாமல் போய்விடும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொண்டுபோகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும், எனவே முதல் ரசீதோடு "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரிய தொகை கொடுத்தவருக்கு மட்டுமல்ல, நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் இப்படித் தனியாக ஒன்று போகட்டும்: "ஆச்சி, வணக்கம். நீங்கள் கொடுத்த பணமும் சேர்ந்து மேற்குப் படித்துறையில் உடைந்த படிகளை மாற்றியாயிற்று, படம் கீழே. ரசீதும் வைத்திருக்கிறேன்." கேட்கும்போது மட்டும் ஞாபகம் வருகிற டிரஸ்டுக்கு இரண்டாவது முறை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) கல்யாணத்துக்கும் தை மாதத்திலும்தான் திறக்கின்றன. மார்கழியிலேயே செய்தி அனுப்பி, வருகிறவர்களை ஊருணிக் கரைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். எந்த வீடியோவும் இதற்கு ஈடில்லை.

கூகுள் தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசமாகத் தருகிறது, ஆனால் ஒரு ஊர் வேலைக்கு அது அவசியமில்லை. மாதாமாதம் கொடுப்பவர்கள் பெருகி ஷீட் திணறும்போது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயும் கட்டண சாஃப்ட்வேரும் பாருங்கள். விற்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எங்கள் பட்டியல் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல்லில் இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் வாங்காதீர்கள்.