“இது கூட்டலா, கழித்தலா?” என்று பிள்ளை கேட்டால்

வாக்கியக் கணக்கைப் பார்த்த உடனே இந்தக் கேள்வி வந்தால், பிள்ளை கணக்கைப் படிக்கவில்லை, எண்களை மட்டும் பொறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். எண்கள் மேல் பென்சிலையோ விரலையோ வைத்து மறைத்துவிட்டு, “என்ன நடக்குது, சொல்லு” என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். ‘எஞ்சியவை எத்தனை?’ என்பதில் பல பிள்ளைகள் தடுமாறுவது கணக்கால் அல்ல, ‘எஞ்சியவை’ என்ற சொல்லால். ‘மிச்சம்’ என்று மாற்றினால் தானாகப் போட்டுவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையையும் முதலில் தமிழில் சொல்லவிடுங்கள்.

‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘அதிகம்’ என்றாலும் கூட்டு என்று சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி சின்ன வகுப்பில் ஓடும், பிறகு காலை வாரும். இதைக் கொடுத்துப் பாருங்கள்:

“ஒரு கூடையில் 24 மல்கோவா. இது பக்கத்துக் கூடையில் இருப்பதைவிட 6 அதிகம். பக்கத்துக் கூடையில் எத்தனை?”

பெரும்பாலும் 30 என்றுதான் வரும். ‘தப்பு’ என்று சொல்லாமல், “எந்தக் கூடையில் நிறைய இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு 2 பழம் என்று வைத்து, 12 கட்ட நீளத்துக்கு ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். அதற்கு நேர் கீழே, இடது ஓரம் ஒட்டி, 3 கட்டம் குறைவாக இன்னொரு பட்டை. 9 கட்டம், 18 பழம். ஓரம் ஒட்டாமல் வரைந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் பல வீடுகளில் படம் வீணாகிறது. கடைசியில் விடையைக் கணக்குக்குள் திருப்பி வைத்துப் படிக்க வேண்டும்: 18-ஐவிட 6 அதிகம், 24. சரி.

வகுத்தலில் தொல்லை தருவது மீதி. 50 பேர் ஏற்காடு போகிறார்கள், ஒரு வேனில் 12 பேர், எத்தனை வேன்? ‘4, மீதி 2’ என்று எழுதி நிறுத்தினால் அந்த இரண்டு பேரும் அடிவாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். 5 வேன் வேண்டும். ஆனால் 35 தட்டுவடை இருக்கிறது, ஒரு செட்டுக்கு 2 என்றால் 17 செட்தான். மிஞ்சிய ஒன்றை வைத்து 18-ஆவது செட் போட முடியாது. 50 ரூபாயை 4 பேருக்குப் பிரித்தாலோ மீதியும் உடைந்து, ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு. மூன்றையும் ஒரே நாளில், அடுத்தடுத்துக் கொடுங்கள். தனித்தனி நாளில் கொடுத்தால் மீதியை என்ன செய்வது என்று பிள்ளை யோசிக்காது, நேற்றுச் செய்ததையே செய்யும்.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று கணக்கு போதும். பத்துக் கணக்கு கொடுத்தால் நான்காவதிலிருந்து படிக்காமலே போட ஆரம்பித்துவிடும்.

கொஞ்சம் பழகிய பிறகு, தேவையில்லாத எண் ஒன்றை நடுவே நுழையுங்கள்: “செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கொலுசு வாங்கினார்கள், எடை 80 கிராம். ஒவ்வொரு கொலுசிலும் 30 மணி. இதே மாதிரி 3 ஜோடியில் எத்தனை மணி?” விடை 180. 90 என்று வந்தால் ‘ஜோடி’ கண்ணில் படவில்லை. கணக்குப் போடும்போது எடையான 80-ஐ எங்காவது சேர்த்திருந்தால், மறுபடி எண்களை மறையுங்கள்.