பாண்ட் படம் இனி எந்தப் பக்கம் போகணும்னு டீக்கடைல உக்காந்து உருப்படியா பேசுறது எப்படி

ரங்கூன்ல நம்ம ஆளுங்க நாலு பேரு டீக்கடை முக்காலில உக்காந்தா பேச்சு ஒன்னு ஃபுட்பால்ல போகும் இல்லன்னா சினிமால போகும், சினிமான்னு வந்து அதுல ஜேம்ஸ் பாண்டும் வந்துட்டாருன்னா அஞ்சாவது நிமிஷம் "அடுத்த பாண்ட் யாரு"ன்னு ஒருத்தர் கேப்பாரு, பத்தாவது நிமிஷம் மொத பாண்டா நடிச்ச கானரி பெருசா, கடைசியா நடிச்ச கிரெய்க் பெருசான்னு சத்தம் வந்துரும், அப்புறம் யாரு சொல்றதும் யாரு காதுலயும் விழாது. எனக்கு இதுல உண்மையிலேயே ஆதங்கம். 1962ல டாக்டர் நோ, 2021ல நோ டைம் டு டை, மொத்தம் 25 படம், ஆறு ஹீரோ, இவ்ளோ பெரிய வரிசைய வெறும் ஆள் சண்டையா முடிச்சிடுறோமேன்னு. அதனால எப்படிப் பேசுனா அந்த சாயங்காலம் வீணாகாதுன்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

நேரம் பாத்து கூப்பிடுங்க. சனிக்கிழம ராத்திரி பிரீமியர் லீக் ஓடுறப்ப வேண்டவே வேண்டாம், ஒருத்தன் கண்ணும் உங்க பக்கம் இருக்காது. ஞாயித்துக்கிழம காலைல பலாத்தா சூடா வர்ற நேரம் நல்லா இருக்கும். ஒன்னு ரெண்டு சீனு போட்டுக் காமிக்கணும்னா முன்னாடியே ஃபோன்ல இறக்கி வச்சு சார்ஜும் ஏத்திக்கங்க, கரண்ட நம்பி உக்காராதீங்க. பக்கத்துல பர்மாக்கார ஃபிரண்டு இருந்தா பேச்சு பாதி பர்மீஸ்ல போகட்டும், தமிழ்லயேதான் பேசணும்னு புடிச்சு வைக்க வேண்டாம். இன்னொன்னு, எல்லாரும் நோ டைம் டு டை பாத்தாச்சான்னு முதல்லயே கேட்டுருங்க, ஏன்னா அதோட முடிவப் பேசாம அடுத்த படத்தப் பத்தி பேசவே முடியாது. பாக்காதவங்க இருந்தா அவங்க பாத்துட்டு வர்ற வரைக்கும் தள்ளி வைங்க. நானும் கீழ அந்த முடிவச் சொல்லப் போறேன், பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கங்க.

இப்ப முக்கியமான விஷயம். யாரு நடிக்கணும்ங்கற கேள்விய கடைசிக்குத் தள்ளுங்க. முதல்ல கேக்க வேண்டியது, இந்தப் படம் எதுக்குப் பதில் சொல்ல வந்துச்சு? ஒவ்வொரு பாண்ட் படமும் தனக்கு முந்தின படத்துக்கு ஒரு பதில் சொல்லும், அத புடிச்சுட்டீங்கன்னா பேச்சு தானா நேர்கோட்டுல போகும்.

மூன்ரேக்கரையே எடுத்துக்கங்க. 1977ல வந்த தி ஸ்பை ஹூ லவ்ட் மீ முடியுறப்ப அடுத்து ஃபார் யுவர் ஐஸ் ஒன்லின்னுதான் போட்டாங்க, ஆனா அதே வருஷம் ஸ்டார் வார்ஸ் வந்து உலகமே அது பின்னாடி ஓடுச்சா, இவங்களும் பாண்டை விண்வெளிக்கு அனுப்பி 1979ல மூன்ரேக்கர் எடுத்துட்டாங்க. அப்புறம் 1981ல ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி வருது, அதுல பாண்டோட லோட்டஸ் காரு ஆரம்பத்துலயே வெடிச்சுப் போயிடும், அவரு ஒரு சின்ன சிட்ரோயன்ல ஏறி மலைப்பாதைல தப்பிப்பாரு. இனி மெஷின நம்பி கத ஓடாதுன்னு டைரக்டர் ஜான் க்ளென் அந்த ஒரு சீன்லயே சொல்லிட்டாரு. இந்த மாதிரி ஒரு சீனைக் காமிச்சுப் பேசுனா எதிர்ல இருக்கிறவரும் இன்னொரு சீனைத் தேடித்தான் வருவாரு, அப்ப பேச்சு சூடு புடிக்கும்.

அதே மாதிரி 2002 டை அனதர் டே, கண்ணுக்குத் தெரியாத காரு, ஐஸ் மாளிகை. அடுத்து 2006ல கேசினோ ராயல், பாண்டுக்கு விதவிதமா கருவி செஞ்சு குடுக்கிற க்யூவும் கிடையாது, ஆபீஸ் செக்ரட்டரி மனிபென்னியும் கிடையாது, பாண்ட் அடி வாங்குறாரு, ரத்தம் வருது, காதல்ல ஏமாறுறாரு. அந்த ரெண்டு பேரும் 2012 ஸ்கைஃபால்லதான் திரும்பி வர்றாங்க, அதுலயும் க்யூ கையில குடுக்கிறது ஒரு துப்பாக்கியும் ஒரு ரேடியோவும், அவ்ளோதான்.

இங்க பெரும்பாலான பேரு தடுமாறுற இடம் ஒன்னு இருக்கு. "மூன்ரேக்கர் ஓடல, டை அனதர் டே ஓடல, அதனாலதான் மாத்துனாங்க"ன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. இல்லங்க. மூன்ரேக்கர் 1995ல கோல்டன்ஐ வர்ற வரைக்கும் பாண்ட் படங்கள்லயே அதிகமா சம்பாதிச்ச படம், டை அனதர் டேயும் அது வந்தப்ப அதுவரைக்கும் வந்ததுலயே அதிக வசூல். ரெண்டு தடவையும் கல்லா நிறைஞ்சு இருக்கிறப்பதான் தயாரிப்பாளருங்க வண்டியத் திருப்புனாங்க. அல்பர்ட் ப்ரோக்கொலி குடும்பத்த எனக்குப் புடிக்கிறதே இதுக்காகத்தான், காசு வருதுன்னு அதையே இன்னொருக்கா செய்யாம இதுக்கு மேல போனா சறுக்கும்னு தெரிஞ்சு நிறுத்துன ஆளுங்க. அதனால வசூல் கணக்க மட்டும் வச்சு யாராவது வாதாடுனா இந்த ரெண்டு படத்தையும் எடுத்து முன்னாடி வைங்க.

மாறிப் பாத்துட்டு பயந்து பழசுக்குப் போனதும் உண்டு, அதையும் மறைக்காம சொல்லுங்க. 1969ல ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ், லேசன்பி நடிச்ச ஒரே படம், பாண்டுக்குக் கல்யாணம் ஆகி கடைசில பொண்டாட்டி செத்துப் போறா. கானரி படம் அளவுக்கு வசூல் இல்லன்னதும் 1971ல கானரியையே திரும்பக் கூட்டி வந்து டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர எடுத்தாங்க, துக்கமெல்லாம் போயி ஒரே கிண்டல். இன்னொரு பாண்டா நடிச்ச டால்டன் விஷயமும் பேசணும். 1989 லைசென்ஸ் டு கில் இங்கிலாந்துல 15 வயசுக்கு மேலதான்னு சர்டிஃபிகேட் வாங்குன மொத பாண்ட் படம், போதைப்பொருள் வில்லன், சொந்தப் பழி, பாண்ட் வேலைய விட்டே போறாரு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் படமே இல்லாம போனது கம்பெனிங்களுக்குள்ள நடந்த கேஸால, டால்டனால இல்ல. கிரெய்க் படத்த ரசிக்கிறவங்க டால்டனோட ரெண்டு படத்தையும் பாக்காம பேசுறது அநியாயம்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

பெரியவங்க டேபிள்ல இருந்தா கொஞ்சம் பாத்துப் பேசுங்க. வீடியோல பாண்ட் பாத்து வளந்த மாமாக்களும் பெரியப்பாக்களும் இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு ரோஜர் மூர்தான் பாண்ட், அதுக்கு முன்னாடி நம்ம ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட். "அதெல்லாம் பழசு மாமா"ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. "மாமா, மூர் படத்துல உங்களுக்குப் புடிச்ச சீனு எது, அது இப்ப வந்தா எப்படி இருக்கும்"னு கேளுங்க. கொட்டிடுவாங்க. 1983 ஆக்டோபஸிய எடுத்துருங்க, அதுல நம்ம மெட்ராஸ் டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ் இருக்காரு, உதய்ப்பூர் சந்துல டென்னிஸ் ராக்கெட்டாலேயே அடிப்பாரு, மாமா முகம் மலந்துரும். ஆனா அதே படத்துல பாண்ட் இந்திய ஆளுகிட்ட ரூபாய நீட்டி கறி பத்தி ஒரு வசனம் சொல்லுவாரு, சின்னப் பசங்களுக்கு அது சுருக்குனு குத்தும். 1967 யூ ஒன்லி லிவ் ட்வைஸ்ல கானரிக்கு ஜப்பான்காரன் மாதிரி மேக்கப் போட்டதும் இதே கததான். இத மறைச்சுட்டுப் போகாதீங்க, நம்மூரு பக்கத்துல இருக்கிற ஊருங்கள அந்தப் படங்க எப்படிக் காமிச்சுதுன்னு பேச நமக்குத்தான் அதிக உரிம. தி மேன் வித் தி கோல்டன் கன்ல வர்ற தீவு தாய்லாந்துல, நம்ம தெற்குக் கரைய ஒட்டுன அதே அந்தமான் கடல்ல இருக்கு. டுமாரோ நெவர் டைஸ்ல ஈப்போல பொறந்த மிஷெல் யோ பாண்டுக்கு சரிசமமா சண்ட போடுவாங்க. ஆசியாவ வேடிக்கைப் பொருளா காமிச்சதுக்கும் இதுக்கும் உள்ள தூரத்த அளந்தாலே பாண்ட் எப்படி மாறுச்சுன்னு பாதி புரியும்.

"பாண்டுங்கறது வெறும் பட்டப்பேரு, ஒவ்வொரு நடிகரும் வேற வேற ஆளு"ன்னு ஒருத்தர் கட்டாயம் கிளப்புவாரு. சீக்கிரம் முடிச்சுருங்க. லேசன்பி படத்துல செத்த மனைவியோட கல்லறைக்கு ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி ஆரம்பத்துல மூர் பூ கொண்டு போவாரு, ஸ்கைஃபால்ல அப்பா அம்மா கல்லறைலயே பாண்டுன்னு இருக்கு. அப்புறம் பாண்டோட மேலதிகாரி "எம்"மா வர்ற ஜூடி டென்ச், கிரெய்க்குக்கு முந்தின பாண்ட் ப்ராஸ்னன் காலத்துலயும் கிரெய்க் காலத்துலயும் எப்படி இருக்காங்கன்னு கேட்டா, அந்தக் கேள்விக்கு நேர் கணக்கு கிடையாது, நல்ல நடிகைய விட மனசில்லாம வச்சுக்கிட்டாங்கன்னுதான் எடுத்துக்கணும். நம்ம கமல் 1986ல விக்ரமா நடிச்சு 2022ல அதே விக்ரமா வயசாகி வந்தாரு, அங்க ஆளும் ஒன்னு காலமும் ஓடுச்சு. பாண்டுக்கு அப்படி ஒரு நூல் கிரெய்க்கோட அஞ்சு படத்துல மட்டும்தான் இருக்கு.

அந்த நூல் எங்க முடியுதுன்னா, பாண்ட் சாகுறாரு. அப்புறமும் ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்னு திரையில போடுறாங்க. அதனால அடுத்த படம் எதுக்குப் பதில் சொல்லணும்னு இப்ப கேளுங்க. இதுல வியாபார மாற்றத்தையும் சேக்கணும்: அமேசான் 2022ல பாண்ட் படங்கள்ல பங்கு இருக்கிற எம்ஜிஎம் ஸ்டூடியோவ வாங்குச்சு, 2025 பிப்ரவரில தயாரிப்பாளருங்க பார்பரா ப்ரோக்கொலியும் மைக்கேல் வில்சனும் படைப்பு அதிகாரத்த விட்டுக் குடுத்தாங்க, அதே வருஷம் ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன் தயாரிப்பாளர்னும் டெனி வில்நெவ் டைரக்டர்னும் ஸ்டீவன் நைட் எழுத்தாளர்னும் சொன்னாங்க. என் நெலப்பாடு இது: கதைய திரும்பத் தனித்தனிப் படமா எடுக்கணும், ஒவ்வொரு வில்லனுக்கும் பாண்டோட சின்ன வயசுக்கும் முடிச்சுப் போடுறத நிறுத்தணும், ஸ்பெக்டர் படத்துல வில்லன் ப்ளோஃபெல்ட பாண்டுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் முறையாக்குனது எனக்கு இன்னும் ஒட்டவே இல்ல. கிளைக்கதன்னு சொல்லி மனிபென்னிக்கு ஒரு சீரியல், க்யூவுக்கு ஒரு சீரியல்னு போனா அத நான் எதுப்பேன். நீங்க வேற சொல்லலாம், ஆனா எத வச்சுக்கணும் எத விடணும்னு ரெண்டையும் சொல்லணும், அப்பதான் அது கருத்து.

இவ்ளோ பேசி முடிச்சதுக்கு அப்புறம் "சரி, இதுக்கு யாரு பொருந்துவா"ன்னு நடிகர் பேச்ச எடுங்க, அப்ப வர்ற பேருங்களே வேற மாதிரி இருக்கும். அடுத்த ஞாயித்துக்கிழம உக்காரப் போறீங்கன்னா ஒரு படம், அதுக்குப் பதில் சொன்ன படம்னு ஜோடி ஜோடியா பாத்துட்டு வாங்க, ஒரே ஒரு ஜோடிக்குத்தான் நேரம்னா டை அனதர் டேயும் கேசினோ ராயலும், அடுத்தடுத்த நாள்ல.