ஆபீஸ் சர்வரை வீட்டிலிருந்து திறக்க, முதலில் 3389-ஐ மூடுங்கள்

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு சர்வர் பராமரிப்பதுதான் என் தொழில். முதலாளிகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபீஸ்ல இருக்குற டேலியை நான் வீட்ல இருந்து பார்க்கணும், ஆடிட்டரும் பார்க்கணும்." இதற்குப் பலர் செய்துகொடுக்கும் குறுக்கு வழி, ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் கதவு எண்) திறந்து, தூரத்திலிருந்து சர்வரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டுவிடுவது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஏற்கெனவே திறந்து கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். சர்வரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸின் கீழ் செக்யூரிட்டிக்குப் போய், 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். அது தோற்றுப்போன லாகின். அட்மின், டெஸ்ட், யூசர், அக்கவுன்ட்ஸ் என்று பெயர் மாறி மாறி, யாரும் வேலை பார்க்காத நடுராத்திரியிலும் வரிசையாக வந்திருந்தால், வெளியிலிருந்து யாரோ பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். போர்ட்டை 3390 என்று மாற்றினால் தப்பிக்கலாம் என்பார்கள். தப்பிக்க முடியாது, ஸ்கேன் செய்பவர்கள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கிறார்கள். 2019 மே மாதம் வெளியே தெரிந்த, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற ஓட்டையில் நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7-ம் சர்வர் 2008-ம் அதில் மாட்டின.

சரி, மாற்று வழி? வயர்கார்டு விபிஎன், அதாவது வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே பூட்டிய தனிப்பாதை. இலவசம். மைக்ரோடிக் ரவுட்டர் இருந்தால் அதன் ரவுட்டர்ஓஎஸ் 7 மென்பொருளிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் சர்வரிலேயே போட்டு, ரவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்பிவிடுங்கள். சரியான சாவி இல்லாமல் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. அதனால்தான் எனக்கு இதைப் பிடிக்கும். ஆளுக்கு ஒன்று இல்லை, கருவிக்கு ஒரு சாவி கொடுங்கள். அக்கவுன்டன்ட் வேலையை விட்டுப் போனால் அவருடைய லேப்டாப் சாவியை மட்டும் நீக்கினால் போதும். அப்புறம் விண்டோஸ் ஃபயர்வாலில், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதியில் விபிஎன் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள்.

ரவுட்டரின் வான் ஐபி (இன்டர்நெட் பக்கத்து முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால், உங்கள் லைனுக்குத் தனி பொது ஐபி இல்லை, வெளியிலிருந்து வயர்கார்டை எட்ட முடியாது என்று அர்த்தம். இன்டர்நெட் கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள், அல்லது பொது ஐபி இல்லாமலே வேலை செய்யும் டெயில்ஸ்கேல் விபிஎன் போடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்) வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆபீஸைத் திறக்க வேண்டியிருக்கும்.

பேக்கப் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பேக்கப் ஆகாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றிச் சொருகுங்கள், ஒன்று எப்போதும் வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து டேலி டேட்டாவை வேறொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பை வெளியாளிடம் கொடுத்திருந்தால், ரவுட்டர், சர்வர் அட்மின் பாஸ்வேர்டுகளை எழுதி, உறையில் போட்டு ஒட்டி வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: லாக் பதிவுகள் 180 நாள் இருக்க வேண்டும், யாராவது ஊடுருவினால் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அங்கே புகார் போயாக வேண்டும்.